தென்காசி காசி விசுவநாதர் கோயில் இராசகோபுரம்

தென்காசி காசி விசுவநாதர் கோயில் இராசகோபுரம் என்பது தமிழ்நாட்டின் தென்காசி நகரில் அமைந்துள்ள காசி விசுவநாதர் கோயிலின் கிழக்கு வாயிலில் எழுப்பப்பட்டுள்ள ஒன்பது நிலைக் கோபுரம் ஆகும். இதன் உயரம் 178 அடி (ஏறத்தாழ 54 மீட்டர்). இக்கோபுரத்தின் கட்டுமானத்தைக் கி.பி. 1457 ஆம் ஆண்டில் பாண்டிய மன்னன் அரிகேசரி பராக்கிரம பாண்டியன் தொடங்கினான். பிற்காலத்தில் தீயினால் இதன் மேல்நிலைகள் அழிந்தன. நெடுங்காலம் அடிப்பகுதி மட்டுமே எஞ்சி நின்ற இக்கோபுரம், பொதுமக்களின் நன்கொடையைக் கொண்டு மீண்டும் எழுப்பப்பட்டு 1990 ஆம் ஆண்டில் குடமுழுக்கு செய்யப்பட்டது.

எனவே இன்று காணப்படும் கோபுரம் இருவேறு காலங்களைச் சேர்ந்தது. கருங்கல்லால் ஆன அடிப்பகுதி பிற்காலப் பாண்டியர் காலத்தது. அதன் மேலுள்ள நிலைகள் 20 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கோயிலைக் கட்டிய மன்னனே, தன் காலத்திற்குப் பின் இதற்குக் குறை நேர்ந்தால் அதனை நீக்கிக் காப்பவர்களைப் பணிவதாகக் கல்வெட்டில் பாடல்களாகப் பொறித்து வைத்துள்ளான் என்பது இக்கோபுரத்தின் வரலாற்றில் குறிப்பிடத்தக்கதாகும்.

பெயர்

தென்காசி என்னும் பெயர் "தெற்கிலுள்ள காசி" எனப் பொருள்படும். தெற்கிலிருந்து கங்கைக் கரையிலுள்ள காசிக்கு நடந்து செல்வது பல மாதங்கள் பிடிக்கும் பயணமாக இருந்தது. அப்பயணத்தை மேற்கொண்ட பலர் வழியிலேயே இறந்தனர் என்றும், அதனால் காசிக்குச் செல்ல இயலாதவர்கள் வழிபடும் பொருட்டுப் பாண்டிய மன்னன் தன் நாட்டிலேயே ஒரு காசியை அமைத்தான் என்றும் கூறப்படுகிறது. கோயிலின் இறைவன் காசி விசுவநாதர் என்றும், இறைவி உலகம்மன் என்றும் அழைக்கப்படுகின்றனர். உள்ளூர் மக்கள் இக்கோயிலை உலகம்மன் கோயில் என்றும் வழங்குவர்.

வடக்கிலுள்ள காசி விசுவநாதர் கோயிலும் அழிவையும் மீள் கட்டமைப்பையும் கண்டதாகும். அது 1669 ஆம் ஆண்டில் இடிக்கப்பட்டது. இன்று வாரணாசியில் உள்ள கோயில் இந்தோர் அரசி அகல்யாபாய் ஓல்கரால் 1780 ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. ஆகவே, கட்டிடம் என்ற அளவில் நோக்கினால், வடகாசியைப் பின்பற்றி எழுந்த தென்காசிக் கோயில் இன்றைய வடகாசிக் கோயிலைவிட மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் பழமையானது.

அமைவிடம்

தென்காசி நகரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், சிற்றாற்றின் கரையில் அமைந்துள்ளது. முன்னர் திருநெல்வேலி மாவட்டத்தின் பகுதியாக இருந்த இந்நகரம், 2019 நவம்பர் 22 முதல் புதிய தென்காசி மாவட்டத்தின் தலைநகராக விளங்குகிறது. அருவிகளுக்குப் பெயர் பெற்ற குற்றாலம் இங்கிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. குற்றாலத்தின் மேலுள்ள திரிகூட மலையில் தோன்றும் சிற்றாறு, பேரருவியாக விழுந்து, தென்காசி வழியாகக் கிழக்கு நோக்கி ஓடி, சீவலப்பேரி அருகே தாமிரபரணியுடன் கலக்கிறது.

தென்காசிக்கு மேற்கே, செங்கோட்டைக்கு அப்பால், மலைத்தொடரில் ஓர் இடைவெளி உண்டு. ஆரியங்காவு வழியாகக் கேரளத்தின் கொல்லம் பகுதிக்குச் செல்லும் சாலையும் இருப்புப்பாதையும் இக்கணவாயின் வழியே செல்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் காலத்தில், மலையின் மேற்குச் சரிவில் பெருமழை பெய்ய, ஈரக்காற்று இக்கணவாயின் வழியே கிழக்குச் சமவெளிக்குள் நுழைகிறது. சூன் முதல் ஆகத்து வரை தென்காசியிலும் குற்றாலத்திலும் சாரலும் குளிர்காற்றும் நிலவுவதற்கு இதுவே காரணம்.

கோபுர வாயிலில் வீசும் காற்று

இராசகோபுரத்தின் வாயிலைக் கடந்து கோயிலுக்குள் நுழைபவர்களை எதிரிலிருந்து வரும் பலத்த காற்று தடுத்து நிறுத்துவது போலத் தள்ளும். சற்று உள்ளே சென்ற பின் அதே காற்று பின்னாலிருந்து உள்ளே அழைப்பது போல வீசும் என்று உள்ளூரில் சொல்வதுண்டு. இது இக்கோயிலின் சிறப்புகளுள் ஒன்றாகப் பேசப்படுகிறது.

இதற்கு நகரின் அமைவிடமும் கோயிலின் அமைப்பும் சேர்ந்து காரணமாகின்றன. கோபுரத்திற்கும் கோயிலின் உட்பகுதிக்கும் இடையே பரந்த வெட்டவெளி விடப்பட்டுள்ளது. மேற்கிலிருந்து வரும் காற்று இவ்வெளியை அடைந்தபின், கோபுரத்தின் பருத்த சுவர்களால் தடுக்கப்பட்டு, வாயில் என்னும் ஒரே குறுகிய வழியே வெளியேற வேண்டியுள்ளது. அகன்ற பரப்பிலிருந்து குறுகிய வழிக்குள் நுழையும் பாய்மத்தின் வேகம் கூடும் என்பது இயற்பியல் விதி. ஆற்றுநீர் மதகின் வழியே விரைந்து பாய்வதும் இதே விதியின்படிதான். காற்று குறைவாக உள்ள மாதங்களிலும் இவ்வாயிலில் இதனை ஓரளவு உணரலாம்.

வரலாறு

கி.பி. 1311 ஆம் ஆண்டில் மாலிக் கபூரின் படையெடுப்பு மதுரைப் பாண்டியரின் வலிமையைக் குலைத்தது. அதன்பின் மதுரையில் சுல்தான்களின் ஆட்சியும், 14 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விசயநகரப் பேரரசின் மேலாட்சியும் ஏற்பட்டன. பாண்டியர் மதுரையை இழந்து தெற்கே திருநெல்வேலிப் பகுதிக்கு நகர்ந்தனர். அவர்களுள் ஒரு கிளையினர் தென்காசியைத் தலைநகராகக் கொண்டு ஆண்டனர். இவர்களை வரலாற்றாசிரியர்கள் தென்காசிப் பாண்டியர் அல்லது பிற்காலப் பாண்டியர் என்பர்.

இக்கிளையின் முதன்மையான மன்னன் அரிகேசரி பராக்கிரம பாண்டியன் (ஆட்சிக் காலம்: 1422–1463). இவன் சக ஆண்டு 1368 இல், அதாவது கி.பி. 1446 இல், காசி விசுவநாதர் கோயிலின் திருப்பணியைத் தொடங்கினான். பதினோர் ஆண்டுகளுக்குப் பின், கலியுக ஆண்டு 4558 இல் (கி.பி. 1457), இராசகோபுரத்திற்கான கல்பணி தொடங்கப்பட்டது. கோபுரம் முழுமை பெறும் முன்னரே மன்னன் காலமானான் என்றும், எஞ்சிய பணிகளை அவனுடைய தம்பி குலசேகர பாண்டியன் நிறைவு செய்தான் என்றும் கூறப்படுகிறது. பழைய கோபுரமும் ஒன்பது நிலைகளைக் கொண்டிருந்தது.

தலைநகரை இழந்து, பெரும் பேரரசு ஒன்றின் நிழலில் சிறு நிலப்பகுதியை ஆண்ட ஒரு மரபினர் இவ்வளவு பெரிய கோபுரத்தை எழுப்பினர் என்பது கவனிக்கத்தக்கது. முற்காலப் பாண்டியரின் பெருமை மதுரையோடு பிணைந்திருந்தது. தென்காசிக் கோயில் அம்மரபிற்குப் புதியதொரு மையத்தை அளித்தது.

இம்மரபில் வந்த அதிவீரராம பாண்டியன் (ஆட்சிக் காலம்: 1564–1604) தமிழ்ப் புலவனாகவும் விளங்கினான். நைடதம், கூர்ம புராணம், வெற்றி வேற்கை ஆகியவற்றுடன், காசியின் பெருமையைக் கூறும் காசிக் காண்டம் என்னும் நூலையும் இவன் இயற்றினான். தென்காசியில் கல்லால் அமைந்த காசிக்கு ஒரு நூற்றாண்டிற்குப் பின், அதே மரபினன் ஒருவனால் தமிழ்ச் செய்யுளிலும் காசி அமைக்கப்பட்டது எனலாம். 17 ஆம் நூற்றாண்டில் தென்காசிப் பாண்டியரின் ஆட்சி மறைந்தது.

தலபுராணம்

பராக்கிரம பாண்டியன் காசிக்குச் சென்று வழிபட எண்ணியிருந்தபோது, இறைவன் அவனது கனவில் தோன்றி, எறும்புகள் சாரையாகச் செல்லும் வழியைப் பின்தொடருமாறு பணித்தார் என்பது தலபுராணக் கதை. மறுநாள் மன்னன் எறும்புச் சாரையைப் பின்தொடர்ந்து சென்றான். அது சிற்றாற்றங்கரையில் இருந்த செண்பக வனத்தில் முடிந்தது. அங்கே காணப்பட்ட சிவலிங்கத்தைச் சுற்றியே இக்கோயில் எழுப்பப்பட்டது என்பர். செண்பக மரமே இக்கோயிலின் தலமரமாகும்.

மன்னனின் வேண்டுகோள்

இக்கோயிலில் பராக்கிரம பாண்டியனின் பெயரால் அமைந்த தமிழ்ச் செய்யுட்கள் சில கல்வெட்டாகப் பொறிக்கப்பட்டுள்ளன. கோயில் கல்வெட்டுகள் பெரும்பாலும் மன்னனின் வெற்றிகளையும், அவன் வழங்கிய நிலம், பொன், விளக்கு முதலிய கொடைகளையும் கூறி, அறத்தைச் சிதைப்பவர்க்கு நேரும் தீங்கைச் சொல்லி முடிவது வழக்கம். கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவம் சேரும் என்பது போன்ற எச்சரிக்கைகள் பல ஊர்க் கல்வெட்டுகளில் காணப்படுகின்றன. தென்காசிச் செய்யுட்களின் போக்கு இதிலிருந்து வேறுபட்டது.

இவற்றுள் ஒரு செய்யுள், இக்கோயில் தெய்வச் செயலால் அமைந்ததே அன்றித் தன் செயலால் அமைந்ததன்று என்று மன்னன் கூறுவதாக உள்ளது. இனி இதனை மேலும் விரிவாக்கிக் காப்பவர்களின் அடியில் வீழ்ந்து ஏவல் செய்வேன் என்றும் அதில் அவன் கூறுகிறான். மற்றொரு செய்யுளில், இக்கோயிலுக்கு வாராத குற்றம் ஒன்று வந்துவிடுமானால், அதனை நீக்கிக் காப்பவர் எவராயினும், அவரை உலகம் அறியப் பணிந்தேன் என்கிறான். இன்னொன்றில், பிற்காலத்தில் இக்கோயிலைக் காக்கும் பொறுப்பை ஏற்கும் அரசர்களின் பாதங்களைத் தன் தலைமேல் கொள்வதாகக் குறிப்பிடுகிறான்.

இச்செய்யுட்களில் மூன்று செய்திகள் அடங்கியுள்ளன. ஒன்று, கட்டிடம் நிலையானதன்று, அதற்குக் குறை வரக்கூடும் என்பதை மன்னன் முன்பே எண்ணிப் பார்த்திருப்பது. இரண்டு, காப்பவர் யார் என்பதற்கு அவன் வரையறை விதிக்காதது. "எவராயினும்" என்பதில் அவனுடைய மரபினர் அல்லாதவரும் அடங்குவர். மூன்று, பழமையை மாற்றாமல் காப்பதை மட்டுமின்றி, விரிவாக்குவதையும் அவன் விரும்பியது. பின்னர் நிகழ்ந்தவற்றைக் காணும்போது இம்மூன்றும் பொருள் பொதிந்தவை ஆகின்றன.

கட்டிட அமைப்பு

தமிழகக் கோபுரங்கள் பொதுவாக இருவகைப் பொருள்களால் கட்டப்படுகின்றன. உபானம், அதிட்டானம், சுவர், கூரை விளிம்பு வரையிலான அடிப்பகுதி கருங்கல்லால் அமையும். இப்பகுதி கல்லாரம் எனப்படும். இதன் மேல் எழும் நிலைகள் செங்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் கட்டப்பட்டு, சுதை உருவங்களால் அழகூட்டப்படும். நிலைகள் மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது, பதினொன்று என ஒற்றைப்படை எண்ணிக்கையில் இருப்பது மரபு. உச்சியில் வண்டிக்கூடு போன்ற வடிவில் சிகரமும், அதன்மேல் வரிசையாகக் கலசங்களும் இருக்கும்.

எடை மிகுந்த கல் அடியிலும், எடை குறைந்த செங்கல் மேலேயும் இருப்பதாலும், ஒவ்வொரு நிலையும் கீழுள்ளதைவிடச் சிறிதாகி உள்நோக்கிச் சரிவதாலும், கோபுரத்தின் ஈர்ப்பு மையம் தாழ்வாக அமைகிறது. உட்பகுதி திண்மையாக நிரப்பப்படுவதில்லை. ஒவ்வொரு நிலையும் ஓர் உள்ளீடற்ற அறையாகும். நடுவிலுள்ள திறப்புகள் வெளிச்சத்தையும் காற்றையும் உள்ளே விடுகின்றன. பழங்கோபுரங்களில் நிலைகளின் தளங்களைத் தாங்க மர உத்திரங்களும் பயன்படுத்தப்பட்டன. கல்லும் செங்கல்லும் தீயைத் தாங்கக்கூடியவை எனினும், மர உத்திரங்கள் எரியும்போது அவை தாங்கிய தளங்களும் சுவர்களும் பிடிப்பை இழக்கின்றன.

தென்காசிக் கோபுரத்தின் தோற்றச் சிறப்பிற்கு அதன் உயரம் மட்டும் காரணமன்று. மேற்கே மலைத்தொடர் பின்னணியாக அமைய, சமவெளியிலிருந்து வருபவர்களுக்கு மலையும் கோபுரமும் ஒருசேரத் தெரிகின்றன. கோபுரத்தைக் கடந்தவுடன் மண்டபம் தொடங்காமல் வெட்டவெளி அமைந்திருப்பதால், உள்ளே நின்றும் கோபுரத்தின் முழு உயரத்தைக் காண முடிகிறது. தெருக்களும் கடைகளும் நெருங்கிய பல கோயில்களில் இவ்வாய்ப்பு கிட்டுவதில்லை.

வெட்டவெளியைக் கடந்தபின் வரும் மண்டபத்தின் தூண்களில் ஆளுயரத்தை விஞ்சிய சிற்பங்கள் உள்ளன. தூணும் சிற்பமும் ஒரே கல்லில் செதுக்கப்பட்டவை. வீரபத்திரர், தாண்டவமூர்த்தி, காளி, திருமால், மன்மதன், இரதி, தமிழணங்குகள் ஆகிய சிற்பங்கள் குறிப்பிடத்தக்கவை. திருநெல்வேலி அருகேயுள்ள கிருட்டிணாபுரம் வேங்கடாசலபதி கோயிலின் சிற்பங்களோடு இவை ஒப்பிடப்படுவதுண்டு. விசுவநாதர் சன்னிதிக்கும் உலகம்மன் சன்னிதிக்கும் இடையே பாலமுருகன் சன்னிதி அமைந்துள்ளது.

சிதைவு

பாண்டியர் ஆட்சி மறைந்தபின் இக்கோயிலைத் தொடர்ந்து பேணப் பெரிய அரசு எதுவும் இருக்கவில்லை. பிற்காலத்தில் ஏற்பட்ட தீயினால் கோபுரத்தின் மேல்நிலைகள் அழிந்தன. கருங்கல் அடிப்பகுதி மட்டும் சிதைந்த நிலையில் எஞ்சியது. 20 ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் தென்காசி மக்களும், குற்றாலத்திற்குச் சாரல் காலத்தில் வந்து சென்றவர்களும் கண்டது இந்த அடிப்பகுதியையே ஆகும்.

மேல்நிலைகள் இல்லாத கோபுரங்களைத் தமிழகத்தில் மொட்டைக் கோபுரம் என்பர். அவற்றுள் பல, தொடங்கிய அரசு வீழ்ந்ததாலோ பொருள் இல்லாததாலோ நின்றுபோனவை. மதுரையில் திருமலை நாயக்கர் காலத்தில் தொடங்கி முற்றுப்பெறாத இராய கோபுரம் இதற்கு எடுத்துக்காட்டு. தென்காசிக் கோபுரமோ ஒருமுறை முழுமை பெற்று, பின்னர் இழக்கப்பட்டதாகும். இழப்பிற்கு நடுவிலும் கோயிலில் வழிபாடு தொடர்ந்தது. சிதைந்த வாயிலின் வழியாகவே மக்கள் சென்று வந்தனர்.

மீள் கட்டமைப்பு

கோபுரத்தை மீண்டும் கட்டும் பணி, நாளிதழ் அதிபர் பா. சிவந்தி ஆதித்தன் தலைமையிலான திருப்பணிக் குழுவால் மேற்கொள்ளப்பட்டது. பொதுமக்களின் நன்கொடையுடன், எஞ்சியிருந்த அடிப்பகுதியின்மேல் ஒன்பது நிலைகள் எழுப்பப்பட்டன. 1990 ஆம் ஆண்டு சூன் மாதத்தில் குடமுழுக்கு நடைபெற்றது. பராக்கிரம பாண்டியன் கல்பணியைத் தொடங்கியதிலிருந்து கணக்கிட்டால் இது 533 ஆண்டுகளுக்குப் பின் நிகழ்ந்ததாகும்.

தமிழகத்தில் இதே பத்தாண்டில் மற்றொரு பெருங்கோபுரமும் நிறைவடைந்தது. திருவரங்கம் அரங்கநாதர் கோயிலின் தெற்கு இராசகோபுரம் நாயக்கர் காலத்திலிருந்து அடிப்பகுதியுடன் நின்றிருந்தது. அகோபில மடத்தின் 44 ஆவது சீயரின் முயற்சியால் அது 236 அடி உயரத்துடன் 13 நிலைகளாகக் கட்டப்பட்டு, 1987 ஆம் ஆண்டில் குடமுழுக்கு கண்டது. திருவரங்கத்தில் ஒரு மடத்துத் தலைவரும், தென்காசியில் ஒரு பத்திரிகை அதிபரும் முன்னின்றனர். இரண்டிலும் செலவை ஏற்றவர்களுள் பொதுமக்களும் அடங்குவர். முற்காலத்தில் அரசர்கள் செய்த பணியை மக்களாட்சிக் காலத்தில் மக்களே ஏற்றுக்கொண்டனர் என்பதற்கு இவை சான்றுகளாகும்.

தென்காசிக் கோயில் தமிழ்நாடு அரசின் இந்து சமய அறநிலையத் துறையின் நிர்வாகத்தில் உள்ளது. கோபுரம் நிறைவுற்றபின் 2006 ஆம் ஆண்டிலும், 2025 ஏப்ரல் 7 அன்றும் குடமுழுக்குகள் நடைபெற்றன.

பாதுகாப்பு குறித்த இருவேறு நோக்குகள்

அழிந்த பழஞ்சின்னம் ஒன்றை மீண்டும் கட்டலாமா என்பதில் உலகெங்கும் இருவேறு நோக்குகள் உள்ளன. ஈரானின் சீராசு நகருக்கு அருகிலுள்ள பெர்சப்பொலிசு இதற்கு நல்ல ஒப்பீடாக அமையும். பாரசீகப் பேரரசன் முதலாம் தாரியசு ஏறத்தாழ கி.மு. 518 இல் தொடங்கிய இந்நகரம், கி.மு. 330 இல் அலெக்சாந்தரின் படையெடுப்பின்போது தீக்கிரையானது. அங்கும் மரத்தாலான கூரை எரிந்தது, கல் எஞ்சியது. அபதானா எனப்படும் அவை மண்டபத்தின் 72 தூண்களுள் 13 மட்டுமே இன்று நிற்கின்றன. 1979 ஆம் ஆண்டில் உலக பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்ட அவ்விடத்தில், எஞ்சியதை எஞ்சியவாறே காப்பது நோக்கமாக உள்ளது. அங்கு இப்போது அரசவையும் இல்லை, விழாவும் இல்லை. காண்பவர் இடிபாட்டின் மூலமே பழம்பெருமையை உணர்கின்றனர்.

தென்காசி இதற்கு மறுதலையானது. இங்கு வழிபாடு அறுபடவில்லை. வழிபாடு நடக்கும் இடத்தில் சிதைந்த வாயில் வரலாற்றுச் சின்னமாகக் கருதப்படாமல் ஒரு குறையாகவே கருதப்பட்டது. ஆகம மரபிலும் பழுதுபட்டதைச் சீரமைத்து மீண்டும் குடமுழுக்கு செய்வது கடமையாகக் கூறப்படுகிறது. இதனைச் சீர்ணோத்தாரணம் என்பர். இந்நோக்கில், பழைய கட்டிடப் பொருள் அழிந்தாலும் கோபுரம் அழிவதில்லை; அதன் இடமும் அளவும் பயனும் தொடர்கின்றன.

எனினும் இந்நோக்கிலும் இழப்புகள் உண்டு. புதிதாகக் கட்டப்பட்ட நிலைகளிலிருந்து பாண்டியர் காலக் கட்டுமான முறையையோ சுதை வேலையையோ அறிய இயலாது. அவை மேல்நிலைகளோடு மறைந்துவிட்டன. மேலும், தமிழகக் கோயில்கள் பலவற்றில் திருப்பணியின்போது கல்மீது அழுத்தத்துடன் மணலை வீசித் தூய்மை செய்ததாலும், வண்ணம் பூசியதாலும், தளக்கற்களை மாற்றியதாலும் கல்வெட்டு எழுத்துகள் தேய்ந்தும் மறைந்தும் போயுள்ளன. 2021 சூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றம் பழஞ்சின்னங்களையும் பழங்கோயில்களையும் பாதுகாப்பது தொடர்பாக 75 வழிகாட்டுதல்களைப் பிறப்பித்தது.

தென்காசியில் இவ்விரு நோக்குகளும் ஒன்றையொன்று சார்ந்துள்ளன. மேல்நிலைகளை மீண்டும் எழுப்ப முடிந்தது, அடிப்பகுதி நின்றதால்தான். எழுப்ப வேண்டும் என்று மன்னன் விரும்பியதை அறிய முடிவது, கல்வெட்டுகள் நின்றதால்தான். கோபுரத்தை மற்றொரு முறையும் கட்டலாம். தேய்ந்துபோன கல்வெட்டை மீண்டும் பெற இயலாது.

குற்றாலநாதர் கோயிலும் சித்திர சபையும்

தென்காசிக் கோபுரத்தைக் காண வருபவர்கள் பெரும்பாலும் குற்றாலத்தையும் காண்கின்றனர். அங்குப் பேரருவியை ஒட்டி அமைந்துள்ள குற்றாலநாதர் கோயில் திருஞானசம்பந்தரால் பாடப்பெற்ற பழமையான தலமாகும். இது தென்காசிக் கோயிலுக்கு நேர்மாறான அமைப்புடையது. உயர்ந்த கோபுரம் இன்றி, மலையடியில் தாழ்வாகப் பரந்து, சங்கின் வடிவில் அமைந்திருப்பதால் இது சங்குக் கோயில் எனப்படும்.

குற்றாலநாதர் கோயிலிலிருந்து சற்றுத் தொலைவில் தெப்பக்குளத்துடன் தனியே அமைந்துள்ள சித்திர சபை, நடராசருக்குரிய ஐந்து சபைகளுள் ஒன்றாகும். ஏனைய நான்கு சபைகள் சிதம்பரம், மதுரை, திருநெல்வேலி, திருவாலங்காடு ஆகிய ஊர்களில் உள்ளன. அவற்றில் இறைவன் சிலை வடிவில் வழிபடப்பட, இங்கு ஓவிய வடிவில் வழிபடப்படுகிறார். சபையின் உட்சுவர்களில் மூலிகை வண்ணங்களால் தீட்டப்பட்ட ஓவியங்கள் நிறைந்துள்ளன. சாரலும் ஈரமும் மிகுந்த இடத்தில் சுவரோவியங்களைக் காப்பது கல்லைக் காப்பதைவிடக் கடினமாகும். தென்காசியில் மேல்நிலைகளை மீண்டும் கட்டியது போல, அழிந்த ஓவியத்தை மீட்டெடுக்க இயலாது என்பதால் இதன் பராமரிப்பு தனிக் கவனத்திற்குரியது.

விழாக்கள்

மாசி மாதத்தில் நடைபெறும் மாசி மகப் பெருவிழாவும், ஐப்பசி மாதத்தில் நடைபெறும் திருக்கல்யாண விழாவும் இக்கோயிலின் முதன்மையான விழாக்களாகும். இவ்விழாக்களின்போது தேரோட்டமும் நடைபெறும். நவராத்திரி, திருவாதிரை, சிவராத்திரி ஆகியவையும் கொண்டாடப்படுகின்றன.

போக்குவரத்து

தென்காசி சந்திப்புத் தொடர்வண்டி நிலையம் திருநெல்வேலி, விருதுநகர், செங்கோட்டை ஆகிய மூன்று திசைப் பாதைகளும் கூடும் இடமாகும். கோபுரம் நகரின் நடுவே உள்ளது. குற்றாலம், செங்கோட்டை, திருநெல்வேலி ஆகிய ஊர்களிலிருந்து பேருந்துகள் அடிக்கடி இயங்குகின்றன. கல்வெட்டுகளையும் மண்டபச் சிற்பங்களையும் காண விரும்புவோர் காலை வேளையில் செல்வது நன்று. கிழக்கு நோக்கிய கோபுரத்தின் முகப்பில் அப்போது வெயில் நேராக விழுவதால் கருங்கல் அடிப்பகுதிக்கும் மேல்நிலைகளுக்கும் இடையிலான வேறுபாட்டைத் தெளிவாகக் காணலாம்.